பத்தாவது ஊசி

இரண்டு லாரி வாங்கும் காசுக்கு சோபா முதலாளி ஒரு ஜெட் விமானத்தை வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டவர்கள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். பேச்சில் மிகை இல்லை. எட்டுப் பேர் உட்காரும் விமானம், வயது முப்பத்து மூன்று. புதிதாக வந்த காலத்தில் அதன் விலைக்கு ஒரு தெருவையே வளைத்துப் போட்டிருக்கலாம். முதலாளி வாங்கியபோது இரண்டு லாரி விலைக்கு இறங்கியிருந்தது.

விமானத்துக்கு வயதாகிவிட்ட செய்தி அதன் உதிரிபாகங்களுக்கு மட்டும் எட்டவில்லை. பிரேக், முன்கண்ணாடி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு வால்வு, எல்லாம் இன்னும் அந்தத் தெரு விலையிலேயே விற்றன. இன்ஜின்களுக்குப் பறக்கிற மணிக்கணக்கில் பராமரிப்புத் தொகை கட்ட வேண்டும். பறக்காவிட்டாலும் இத்தனை மணி பறந்ததாக வைத்துக்கொண்டு கட்ட வேண்டும். நிறுத்தி வைத்தால் மற்ற செலவாவது மிச்சம் என்று முதல் வருடம் மூன்று மாதம் நிறுத்திப் பார்த்தார். எரிபொருள் தொட்டியின் அடைப்பு ரப்பர்கள் காய்ந்து கசிந்தன. டயர்கள் நின்ற இடத்திலேயே தட்டையாயின. விமானத்தின் தரைக்கு அடியில் ஈரம் தேங்கி உலோகத்தை அரித்தது. நின்ற மூன்று மாதத்துக்கான பில், பறந்த ஆறு மாத பில்லை முழுங்கி ஏப்பம் விட்டது. விமானம் நிற்கும் ஹேங்கருக்கு வாடகை, காப்பீடு, பைலட்டின் சம்பளம், அவருக்கு வருடந்தோறும் கொடுத்தே ஆகவேண்டிய பயிற்சி. இரண்டு வருடத்தில் இரண்டு லாரி ஏழு லாரியாகிவிட்டது.

எதற்கு இது என்று கேட்டவர்களிடம், ஒரே நாளில் மூன்று ஊர் வாடிக்கையாளர்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லி வைத்தார். சொல்லும்போது அவருக்கே அலுப்பாக இருக்கும். உண்மையான காரணம் வெளியே சொல்லுகிற மாதிரி இல்லை. பழைய விமானங்களைப் பிரித்து விற்கும் வியாபாரி ஒருவருக்கு நாற்காலிகள் கொடுக்கப் போன இடத்தில்தான் இதை முதலில் பார்த்தார். மறு வாரம் வெட்டுவதாக இருந்தார்கள். "பறக்கும் அண்ணே, நல்லாவே பறக்கும். ஆனா செலவு பண்ற அளவுக்கு ஒர்த் இல்ல," என்றார் வியாபாரி. முதலாளி தொழிலைத் தொடங்கியதே, வீட்டு வாசல்களில் தூக்கிப் போட்ட கால் உடைந்த நாற்காலிகளைப் பொறுக்கி வந்துதான். அவை ஒவ்வொன்றைப் பற்றியும் யாரோ ஒருவர் இதே வாக்கியத்தைச் சொல்லியிருந்தார். அவர் விமானத்தை ஒரு முறை சுற்றி நடந்தார். பிறகு விலை கேட்டார்.

ஹேங்கரின் தலைமை எஞ்சினியரை வேலையாட்கள் முதுகுக்குப் பின்னால் 'முடியாது மேடம்' என்பார்கள். அவர் கையெழுத்துப் போடாமல் எதுவும் தரையை விட்டு ஏறாது. அந்த வருடப் பரிசோதனைக்காக விமானத்தின் தரையைத் திறந்து, எட்டு இருக்கைகளையும் கழற்றிச் சுவரோரம் அடுக்கிவிட்டு, மகளின் பரீட்சைக்காகப் பத்து நாள் விடுப்பில் போயிருந்தார். அந்தப் பத்து நாளில்தான் முதலாளி அந்தக் காரியத்தைச் செய்தார்.

இருக்கைகளைத் தன் கம்பெனி வேனில் ஏற்றித் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனார். வெடித்துப்போன பழுப்புத் தோலை உரித்தார். பால் நிறத்தில் புதுத் தோல் வரவழைத்தார். வேலையாட்களை அருகில் விடவில்லை. சட்டையின் கையை மடித்துவிட்டு, ஊசியைக் காலரில் குத்திக்கொண்டு, இருபத்திரண்டு வயதில் உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்து தானே தைத்தார். நுரை மெத்தைக்கும் தோலுக்கும் நடுவில் விரல் கனத்துக்குப் பஞ்சு வைப்பது அவர் கண்டுபிடித்த வித்தை. கம்பெனியே அந்த ஒரு விரல் பஞ்சின் மேல்தான் நின்றது. 'உட்கார்ந்தால் எழ மனம் வராது' என்று விளம்பர வாசகம் எழுதியவள் அவருடைய அக்கா.

மேடம் திரும்பி வந்த காலை முதலாளி சீக்கிரமே வந்து காத்திருந்தார். மேடம் இருக்கைகளைப் பார்த்தார். ஒன்றை உள்ளங்கையால் அழுத்தினார். உட்கார்ந்தார். நிமிடங்கள் போயின.

"ரொம்ப நல்லா இருக்கு சார்," என்றார்.

முதலாளியின் முகம் மலர்ந்தது.

"இத நான் மாட்ட முடியாது."

"ஏன்? கனம் கூடிடுச்சா?"

"தீ பிடிச்சா இது எப்படி எரியும்னு யாருக்கும் தெரியாது. தோல், நூல், உள்ள வெச்ச பஞ்சு, ஒவ்வொண்ணையும் எரிச்சுப் பார்த்ததுக்கு சர்டிஃபிகேட் வேணும். இருக்கா?"

"முப்பது வருஷமா சோபா விக்கிறேன் மேடம். ஒண்ணுகூட எரிஞ்சதில்ல."

"வீட்ல எரிஞ்சா வாசல் வழியா ஓடிடலாம். மேல எங்க ஓடறது?" மேடம் எழ முயன்று, இருக்கை விடாமல் மறுபடி உள்ளே அமிழ்ந்தார். "அதுலயும் எழ மனம் வராத சீட் வேற."

பக்கத்தில் நின்ற மெக்கானிக் சிரிப்பை அடக்க ஸ்பேனரைத் துடைத்தார். முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப என்னதான் வழி?"

"அங்கீகாரம் உள்ள கடைக்கு அனுப்பி எல்லாத்தையும் புதுசா செய்யலாம். அவங்க கேக்கற காசுக்கு நீங்க இன்னொரு லாரி வாங்கலாம். இல்லைன்னா நீங்க வெச்சதையே எரிச்சுப் பார்க்கலாம். அதே தோல்ல, அதே பஞ்சுல பட்டை பட்டையா வெட்டிக் கொடுங்க."

"அந்தத் தோல் மிச்சமே இல்லையே. எட்டு சீட்டுக்குன்னு அளந்து வாங்கினது."

மேடம் எட்டு இருக்கைகளையும் வரிசையாகப் பார்த்தார். முதலாளிக்குப் புரிந்தது.

அன்று மதியம் அக்கா தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினாள். கம்பெனியில் பாதி அவளுடையது; அவரைவிட ஐந்து வயது மூத்தவள். தொழிற்சாலைக்கு மேல்மாடியில், தையல் இயந்திரங்களின் சத்தம் தரை வழியாக உள்ளங்காலில் ஏறும் அறை அது. மேஜையில் ஹேங்கர் பில்கள் தடித்த கட்டாகக் கிடந்தன.

"இது என்ன ப்ளேனா, இல்ல மூத்த மாப்பிள்ளையா? வரும்போதெல்லாம் ஏதாவது கேக்குது."

அவர் பில் கட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"அந்த வியாபாரிக்கு போன் பண்ணிட்டேன். ரெண்டு இன்ஜினுக்கு மட்டும் விலை தரானாம். மத்ததெல்லாம் சும்மா அள்ளிட்டுப் போறானாம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை லாரியோட வரான்."

"சீட்டு?"

"சீட்டுக்கு விலையே கிடையாதாம்."

"நான் தரமாட்டேன்."

"டேய், கீழ அறுபது பேர் வேலை பார்க்கிறாங்க. தைக்கிற மெஷின் ரெண்டு ரிப்பேர். மாத்தலாம்னா காசில்லன்னு நான் சொல்றேன். காசு எங்க நிக்குதுன்னு அவங்களுக்குத் தெரியும். என் முகத்துக்கு நேரா கேக்கலை, அவ்ளோதான்."

அவள் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை என்பதுதான் அவரை இன்னும் முரண்டு பிடிக்க வைத்தது. ஜன்னல் பக்கம் போய் நின்றார். அக்கா ஒரு பில்லை எடுத்து மடித்து, பிரித்து, மடித்தாள்.

"கம்பெனி காசு இனிமே ஒரு பைசா வேணாம்," என்றார் கடைசியில். "என் வீட்ட வாடகைக்கு விடறேன். ஷோரூம் மாடியில ரெண்டு ரூம் காலியாத்தான இருக்கு. தனியாளுக்கு அது போதும்."

"வீட்ட வாடகைக்கு விட்டு ப்ளேனுக்கு வாடகை கட்டறவன் இந்த உலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா."

"இருக்கட்டும்."

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். "சரி. வெள்ளிக்கிழமை அவன் வரும்போது அது பறக்கிற நிலைமைல இருந்தா நான் வாய மூடிக்கிறேன். இல்லைன்னா நீ மூடிக்கணும். அப்புறம் ஒத்தக் கால்ல நிக்கக் கூடாது."

"சரி."

மறுநாள், தனக்கென்று மனதில் வைத்திருந்த ஜன்னலோர இருக்கையை அவரே அறுத்தார். தோலில் மூன்று பட்டை, பஞ்சில் மூன்று, நூல் சேர்த்த தையலோடு மூன்று. பழைய நுரைக்கு ஏற்கெனவே சான்று இருந்தது. பட்டைகளை எடுத்துக்கொண்டு மேடத்தோடு சோதனைக்கூடத்துக்குப் போனார். கண்ணாடி வைத்த இரும்புப் பெட்டிக்குள் பட்டையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அடியில் தீச்சுடரைப் பன்னிரண்டு விநாடி காட்டி விலக்குவார்கள். பதினைந்து விநாடிக்குள் தானாக அணைய வேண்டும். எட்டு அங்குலத்துக்கு மேல் கருகக் கூடாது.

தோல் சுருங்கியது, நாறியது, இரண்டு விநாடியில் அணைந்தது. மூன்றும் அப்படியே. தையலும் தேறியது. முதலாளி மேடத்தைப் பார்த்தார். மேடம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஞ்சைத் தொங்கவிட்டார்கள். சுடரை விலக்கிய பிறகும் அது எரிந்தது. அவசரமே இல்லாமல், அடியிலிருந்து நுனிவரை, மேலே மாட்டியிருந்த கொக்கியைத் தொடும்வரை எரிந்தது. பரிசோதகர் இன்னொரு பட்டையை எடுக்கக் கை நீட்டினார்.

"வேணாம்," என்றார் முதலாளி. "பார்த்தாச்சு."

காரில் திரும்பினார்கள். தோற்றது தோலாக இருந்திருந்தால் விற்றவனைத் திட்டியிருக்கலாம். எரிந்தது அவருடைய பஞ்சு. முப்பது வருடம் அவருக்குச் சோறு போட்ட பஞ்சு. ஹேங்கர் வாசலில் கார் நின்றதும் கதவைத் திறக்காமல் கேட்டார்: "பஞ்ச எடுத்துட்டு, அதே தோல வெச்சே தைச்சா?"

"தைக்கலாம். ஆனா இந்த ஹேங்கருக்குள்ள, என் கண்ணு முன்னாடி. எனக்கு ஹெல்பரா உங்க பேர எழுதிக்கணும். நான் சொல்றபடிதான் செய்யணும்."

"ஹெல்பரா?"

"முதலாளின்னு எழுத ஃபார்ம்ல இடமில்ல சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

மேடத்தின் முதல் விதி ஊசி. பத்துக் குழி வெட்டிய ஒரு நுரைப் பெட்டியில் பத்து வளைந்த ஊசிகள். காலையில் எண்ணி வாங்க வேண்டும், மாலையில் எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அது கிடைக்கும்வரை எதிலும் கையெழுத்து இல்லை.

"எங்க ஃபேக்டரியில கூட்டிப் பெருக்கினா ஒரு நாளைக்கு ஒரு பிடி ஊசி கிடைக்கும்," என்றார் முதலாளி.

"உங்க ஃபேக்டரித் தரைக்குக் கீழ ப்ளேனோட வால அசைக்கிற கம்பிகள் கிடையாதே சார்."

அவர் சட்டைக்கு மேல் ஓவரால் உடுப்பை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பிரித்தார், பஞ்சை உருவினார், தளர்ந்த தோலை ஓரம் வெட்டி இழுத்துத் தைத்தார். ஒரு நாளைக்கு ஒன்றுதான் முடிந்தது. விரல் நுனிகள் புண்ணாயின. அவர் அறுத்த எட்டாவது இருக்கைக்குத் தோல் இல்லாததால், தூக்கிப் போடாமல் வைத்திருந்த பழைய பழுப்பு உறையையே எண்ணெய் தடவி மாட்டினார். அதற்கு முப்பத்து மூன்று வருடத்துச் சான்று பத்திரமாக இருந்தது. ஏழு பால் நிற இருக்கைகளுக்கு நடுவில் அது வெயிலில் அலைந்தவன்போல் உட்கார்ந்திருந்தது. உருவிய பஞ்சு மூலையில் குவியலாக உயர்ந்தது. அந்தப் பக்கம் திரும்பாமலே வேலை செய்யப் பழகிக்கொண்டார்.

வியாழக்கிழமை மற்ற ஆறின் ஓரத் தையலையும் ஒரு முறை இறுக்கிவிட்டு, மாலை ஐந்து மணிக்கு ஏழாவது இருக்கையையும் மூடினார். மேடம் பெட்டியைத் திறந்து எண்ணினார். ஒன்பது.

மறுபடி எண்ணினார். ஒன்பதுதான். ஒரு குழி காலியாக இருந்தது.

தரையைக் கூட்டினார்கள். சக்கரம் வைத்த காந்தத்தை உருட்டினார்கள். பஞ்சுக் குவியலைப் பிடிப்பிடியாகப் பிய்த்துப் பார்த்தார்கள். முதலாளியின் பைகளை வெளியே இழுத்துவிட்டு, ஓவராலின் கைமடிப்பை உதறச் சொன்னார் மேடம். இருக்கைகளுக்குள் இரும்புக் கம்பிகள் இருந்ததால் காந்தம் போன இடமெல்லாம் ஒட்டியது. ஆறு மணி ஆகிவிட்டது.

"அப்ப உள்ள வெச்சுத் தைச்சிருக்கீங்க," என்றார் மேடம். "எதுலன்னு தெரியாது."

"நாப்பது வருஷமா தைக்கிறேன். ஊசிய உள்ள வெச்சுத் தைக்கிறவன் இல்ல நான்."

"இருக்கலாம். ஆனா நாளைக்கு நான் கையெழுத்து போட முடியாது."

முதலாளி மேடத்தை உற்றுப் பார்த்தார். அந்த முகத்தில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. ஆனால் இளக்காரம் இல்லை, இளகலும் இல்லை. கெஞ்சினால் அந்த முகத்தின் முன் தான் இன்னும் சின்னவனாகிவிடுவோம் என்று பட்டது. பிரிக்கும் கத்தியை எடுத்தார். கடைசியாக மூடிய இருக்கையைத் தன் பக்கம் இழுத்து, காலையிலிருந்து போட்ட தையலில் கத்தியை வைத்தார்.

"சார், ஏழும் பிரிச்சா விடியறதுக்குள்ள தைக்க முடியாது."

"தெரியும்."

"அப்ப எதுக்கு?"

"லாரி வர்ற வரைக்கும் இது என் ப்ளேன்."

நூல் படபடவென்று விட்டுக்கொடுத்தது. அப்போதுதான் அக்கா வந்தாள். நாளைக்கு வியாபாரி எந்தக் கதவு வழியாக வர வேண்டும் என்று பார்க்க வந்ததாகச் சொன்னாள். மேடம் நடந்ததைச் சொன்னார். அக்கா, குனிந்து பிரித்துக்கொண்டிருந்த தம்பிக்குப் பின்னால் வந்து நின்றாள். முதலாளி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்த முகத்தில் நிம்மதி தெரியும். அதைப் பார்க்க அவர் தயாராக இல்லை. ஒரு பக்கத் தையல் முழுதும் பிரிந்தது. மறுபக்கம் திருப்பினார். அதிலும் பாதி பிரிந்தது. பின்னால் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.

"டேய்," என்றாள் அக்கா. "காலர்ல என்னடா?"

அவர் கை நின்றது.

"உள்ள போட்ட சட்டைக் காலர். பின்பக்கம், மடிப்புக்கு அடியில."

மேடம் வந்து ஓவராலின் கழுத்தை விலக்கினார். பத்தாவது ஊசி சட்டைக் காலரின் அடிமடிப்பில், நூல் நுனி மட்டும் வெளியே தெரிய, சாதுவாகக் குத்திக்கொண்டிருந்தது. மேடம் அதை உருவிக் குழியில் வைத்தார். பெட்டியை மூடும் சத்தம் ஹேங்கர் முழுதும் கேட்டது.

"நாப்பது வருஷமா இதே எழவுதான்," என்றாள் அக்கா மேடத்திடம். "சட்டை தேய்க்கிறவர் எத்தனை தடவை கையில குத்திக்கிட்டு சண்டைக்கு வந்திருக்கார் தெரியுமா."

முதலாளி மெல்ல எழுந்தார். அவளைப் பார்த்தார். அவள் வந்து நின்றதும் அவர் ஒரு பக்கத்தைப் பிரித்ததும் மறுபக்கத்தில் பாதி வந்ததும் எவ்வளவு நேரம் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். ஐந்து நிமிடமாவது இருக்கும். பின்னால் நிற்பவளுக்குக் காலர்தான் முதலில் தெரியும்.

"சொல்லாம விட்டிருக்கலாமே," என்றார்.

அக்கா கைப்பையை மறு தோளுக்கு மாற்றினாள். "ஊசி கழுத்துல இருந்தா குத்தும்டா," என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

ஒரே ஒரு இருக்கைதான் மறுபடி தைக்க வேண்டியிருந்தது. இரவில் மேடம் அனுமதிக்கவில்லை; விடிந்ததும் தொடங்கினார். கடைசி முடிச்சைப் போட்டபோது மணி ஒன்பதரை. எண்ணினார்கள், பத்து. இருக்கைகளை உள்ளே ஏற்றி, தரையில் பூட்டி, ஒவ்வொன்றையும் மேடம் இரு கையாலும் உலுக்கிப் பார்த்தார்.

பத்து மணிக்கு வியாபாரி வந்தார். பின்னாலேயே அக்காவும் வந்தாள். நீளமான லாரி ஹேங்கர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

"என்ன அண்ணே, கழட்ட ஆரம்பிக்கலாமா?"

"உள்ள வாங்க, மொதல்ல உட்காருங்க," என்றார் முதலாளி.

வியாபாரி ஏறிப் பால் நிற இருக்கை ஒன்றில் உட்கார்ந்தார். உடனே நெளிந்தார். "கட்டையா இருக்கே. உங்க கம்பெனி சீட்டுன்னு சொன்னா நம்ப மாட்டாங்க."

"ஆமா. எழ மனம் வருதில்ல?"

"வருது."

"அப்ப எழுந்திருங்க."

மேடம் வாசல் படியில் நின்றபடியே பரிசோதனைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு அடுத்த தாளைப் புரட்டினார். "இன்னும் எட்டு மாசத்துல லேண்டிங் கியர், அதான் சக்கரக் கால், மொத்தமும் கழட்டி அனுப்பணும். பறந்தாலும் சரி, பறக்கலைன்னாலும் சரி. வயசுக் கணக்கு."

"எவ்ளோ ஆகும்?" என்று கேட்டாள் அக்கா.

"உங்க கணக்குல ரெண்டு லாரி."

வியாபாரி பல்லைக் காட்டினார். "நான் எட்டு மாசம் கழிச்சே வரேன் அண்ணே. எனக்கென்ன."

அக்கா தம்பியைப் பார்த்தாள். இரண்டு லாரிக்கு வாங்கிய பொருளுக்கு இனி கால்களுக்கு மட்டும் இரண்டு லாரி. அந்த எண் எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியும். வீட்டு வாடகை அதில் கால்வாசிகூட இல்லை. மீதி எங்கிருந்து வரும் என்று தெரியாது. தெரியாது என்பதையும் மறைக்க அவருக்குத் தோன்றவில்லை.

"எழுதிக்குங்க மேடம்," என்றார்.

மேடம் எழுதினார்.

"நான் வாய மூடிக்கிறேன்னு சொன்னேன்," என்றாள் அக்கா. "மூடிக்கிட்டேன். ஆனா ஒண்ணு. இதுல நான் ஏற மாட்டேன். செத்தாலும் ஏற மாட்டேன்."

"யாரு கூப்பிட்டா உன்ன?"

அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது. உடனே அடக்கிக்கொண்டாள்.

பைலட் முன்பக்கம் ஏறினார். இழுக்கும் வண்டி வந்து முன்சக்கரத்தைப் பிடித்தது. முதலாளி உள்ளே போய், ஏழு புது இருக்கைகளையும் விட்டுவிட்டு, வெடித்த பழுப்புத் தோல் இருக்கையில் உட்கார்ந்தார். வண்டி இரண்டடி நகர்ந்து நின்றது. வாசலை லாரி அடைத்திருந்தது.

அவர் எழுந்து கதவருகே வந்து தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணே," என்றார் வியாபாரியிடம், "லாரிய எடுங்க."